வாசலை எவன் பேருக்கு எழுதி வெச்சாங்க?

அக்கா மகனுக்கு வேலை கிடைத்தது. பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு கம்பெனி. எங்கள் தெருவிலிருந்து கம்ப்யூட்டர் வேலைக்குப் போன முதல் பையன் அவன்தான். முதல் சம்பளத்தில் அம்மாவுக்குப் புடவை எடுத்தான், தாத்தாவுக்குச் செருப்பு வாங்கினான். "மாமா, உனக்கு என்னத்த வாங்குறது, புத்தகம்தான் வூடு பூரா கெடக்குதே, வா ஒரு நல்ல எடத்துக்குக் கூட்டிட்டுப் போறேன்" என்றான். அவனோடு ஆதிதிராவிடர் விடுதியில் தங்கிப் படித்த தோழர்கள் இரண்டு பேர், அவன், நான். மொத்தம் நான்கு பேர். நகரத்தில் ஒரு பெரிய ஓட்டல், அதன் மாடியில் பாட்டும் ஆட்டமும் நடக்கிற ஒரு பப். பெயர் வேண்டாம். இதற்கெல்லாம் எந்தப் பெயர் வைத்தாலும் பொருந்தும்.

வாசலில் கருப்புச் சட்டை போட்ட இரண்டு பவுன்சர்கள். "கப்புள்ஸ் ஒன்லி சார்" என்றார்கள். ஒதுங்கி நின்றோம். காரில் வந்து மூன்று பையன்கள் இறங்கினார்கள். பெண் துணை யாரும் கிடையாது. கயிறு விலகியது, போய்விட்டார்கள். கேட்டோம். "அவங்க புக்கிங் சார்." சரி, எங்களுக்கும் புக் பண்ணு. "புல்லாயிடுச்சி சார்." பிறகு அவன் கண் எங்கள் காலுக்கு இறங்கியது. "ஷூ சார், ஷூ கம்பல்சரி." அக்கா மகன் ஷூதான் போட்டிருந்தான், கேன்வாஸ் ஷூ. உள்ளே போன மூவரில் ஒருவன் காலிலும் அதே மாதிரி ஷூதான், நிறம் மட்டும் வேறு. கடைசியில் இளைய பவுன்சர் எங்கள் முகத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்துச் சொன்னான்: "விடுங்கண்ணே, வேற எடம் பாத்துக்குங்க." 'சார்' போய் 'அண்ணே' வந்துவிட்டது.

மூன்று நிமிடத்தில் நான்கு காரணங்கள். சொல்லுகிற காரணம் மாறிக்கொண்டே இருக்கிறது என்றால், சொல்லாத காரணம் ஒன்று மாறாமல் இருக்கிறது என்று அர்த்தம்.

அடுத்த மாதம் பையன் ஆறாயிரம் ரூபாய்க்கு ஷூ வாங்கினான். "அன்னிக்கு ஷூதான் மாமா பிரச்சினை" என்றான். அடி வாங்கியிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது எனக்கு.

*

இதைத் தோழர்களிடம் சொன்னபோது சிரித்தார்கள். "பஞ்சமி நிலம் கெடக்குது, சுடுகாட்டுப் பாதை கெடக்குது, மலக்குழியில் ஆள் செத்துக்கிட்டு இருக்கான், ஒனக்குப் பப்புக்குள்ள போக முடியலங்கிறது ஒரு பிரச்சினையாய்யா?" என்றார் ஒருவர். இன்னொருவர் குடியின் கேடுகளைப் பற்றி அரை மணி நேரம் பேசினார். இந்தக் கட்டுரை பவுன்சருக்கு எதிராக எழுதப்படுவது அல்ல தோழர்களே, உங்கள் சிரிப்புக்கு எதிராக எழுதப்படுவது.

மகாத் குளத்துத் தண்ணீரைக் குடிக்காமல் யாரும் தாகத்தால் சாகவில்லை. 1927 மார்ச் 20ஆம் தேதி அண்ணல் ஊர்வலமாகப் போய் அந்தத் தண்ணீரை அள்ளிக் குடித்தது தாகத்துக்காகவா? டீக்கடையில் தனிக்குவளையை உடைக்கச் சொன்னோமே, டீ உடம்புக்கு நல்லது என்றா? டீ குடிப்பதும் குடிக்காததும் என் விருப்பம். குடிக்கக் கூடாது என்று இன்னொருவன் சொல்வது என் விருப்பத்தில் சேராது. பப்புக்குப் போவதா வேண்டாமா என்பதை நானும் என் வீட்டுக்காரியும் முடிவு பண்ணுவோம். வாசலில் நிற்கிறவன் முடிவு பண்ணக் கூடாது. இவ்வளவுதான் விஷயம்.

நிலம் பெரிய பிரச்சினை, வாசல் சின்னப் பிரச்சினை என்று யார் வரிசைப்படுத்திக் கொடுத்தது? நிலத்தைப் பிடுங்கியவனும் வாசலை மறித்தவனும் ஒரே ஆள்தான். 1924இல் இரட்டைமலை சீனிவாசன் சென்னை சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்தது எதற்கு? பொதுச் சாலை, பொதுக் கிணறு, பொதுக் கட்டிடம் எல்லாவற்றிலும் தாழ்த்தப்பட்டவர் தடையில்லாமல் நுழையலாம் என்பதற்கு. 1938இல் எம்.சி. ராஜா கொண்டுவந்து நிறைவேறிய சட்டம் எதற்கு? பொது இடங்களில் நம்மைத் தடுக்கிற வழக்கங்களை ஒழிப்பதற்கு. நம் பாட்டன்கள் வாசலைச் சின்ன விஷயமாக நினைக்கவில்லை. நமக்குத்தான் படித்த பிறகு கூச்சம் வந்துவிட்டது.

*

"இது சாதி இல்லப்பா, நகரத்துல எல்லாம் காசுதான், டிரெஸ் கோடு" என்கிறார்கள். டிரெஸ் கோடா? அந்தச் சரித்திரத்தை நம்மைவிட நன்றாகத் தெரிந்தவன் இந்த நாட்டில் எவன் இருக்கிறான்?

1930 டிசம்பரில் இராமநாதபுரம் சீமையில் கள்ளர்கள் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகள் போட்டார்கள். ஆண்கள் முழங்காலுக்குக் கீழேயும் இடுப்புக்கு மேலேயும் துணி கட்டக் கூடாது. பொன் வெள்ளி நகை போடக் கூடாது. அதை மீறிய சேரிகளில் குடிசைகள் எரிந்தன. இதை எழுதி வைத்தவன் தலித் அரசியல்வாதி அல்ல, ஹட்டன் என்ற வெள்ளைக்கார அதிகாரி. அப்போது நம்மை 'அதிகமாக உடுத்தாதே' என்றார்கள். இப்போது 'நீ உடுத்தியது போதாது' என்கிறார்கள். அளவுகோல் தலைகீழாகிவிட்டது, அளக்கிற கை மாறவில்லை. சாதி நகரத்துக்கு வந்ததும் தன் பெயரை ரசனை என்று மாற்றிக்கொண்டது. தீட்டு என்று சொன்னால் கேஸ், 'எங்க கிரவுடுக்கு செட் ஆகாது' என்று சொன்னால் கேஸ் இல்லை.

வேட்டிக் கதையைப் பாருங்கள். 2014 ஜூலையில் சென்னை உயர்நீதிமன்ற நீதிபதி அரிபரந்தாமன் ஒரு புத்தக வெளியீட்டுக்கு வேட்டி கட்டிக்கொண்டு போனார். சேப்பாக்கத்தில் தமிழ்நாடு கிரிக்கெட் சங்க கிளப் வாசலில் நிறுத்திவிட்டார்கள். தமிழகமே கொதித்தது. அடுத்த மாதமே சட்டமன்றத்தில் சட்டம் வந்தது. வேட்டி கட்டியவரைத் தடுத்தால் ஓராண்டு வரை சிறை, 25,000 ரூபாய் வரை அபராதம், கிளப்பின் உரிமமும் போகும். நல்ல சட்டம். நீதிபதிக்கு நடந்தது அநியாயம்தான், யாரும் மறுக்கவில்லை.

ஆனால் ஒரு கணக்கு போடுவோம். நான் கணக்குப் பார்க்கிற உத்தியோகத்தில் இருக்கிறவன். தீண்டாமை காரணமாக ஒரு மனிதனைக் கடையிலோ ஓட்டலிலோ கேளிக்கை இடத்திலோ நுழைய விடாமல் தடுத்தால், 1955ஆம் ஆண்டு குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டத்தின் 4ஆவது பிரிவில் தண்டனை என்ன? ஒரு மாதம் முதல் ஆறு மாதம் வரை சிறை, 100 ரூபாய் முதல் 500 ரூபாய் வரை அபராதம். 1976இல் திருத்தியபோது வைத்த தொகை, அப்படியே நிற்கிறது. வேட்டியைத் தடுத்தால் 25,000. வேட்டிக்குள் இருக்கிற மனிதனைத் தடுத்தால் 500. அந்தப் பப்பில் ஒரு குவளை பீர் இதைவிட அதிகம்.

வேட்டிக்குத் தமிழன் மானம் போனது என்று பொங்கியவர்கள், ஊர்த் தெருவில் எங்கள் அப்பன் வெள்ளை வேட்டியை இறக்கிவிட்டு நடந்தபோது என்ன சொன்னார்கள்? திமிர் என்றார்கள். ஒரே துணி, கிளப் வாசலில் பண்பாடு, ஊர் வாசலில் திமிர்.

*

இன்னும் வாசல்கள் உண்டு. 2017 ஜூனில் டெல்லி கோல்ஃப் கிளப்பில், மேகாலயாவைச் சேர்ந்த காசி பழங்குடிப் பெண் ஒருவர் தன் மக்களின் உடையில் விருந்தாளியாகப் போய்ச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருந்தார். வேலைக்காரி மாதிரி இருக்கிறது உடை என்று எழுப்பி வெளியே போகச் சொன்னார்கள். 2023 மார்ச் 30ஆம் தேதி சென்னை ரோகிணி திரையரங்கில், கையில் டிக்கெட்டோடு வந்த நரிக்குறவர் குடும்பத்தை உள்ளே விடவில்லை. வீடியோ பரவிய பிறகுதான் விட்டார்கள். நிர்வாகம் சொன்ன சமாதானம்: படம் யு/ஏ சான்றிதழ், குழந்தைகள் 12 வயதுக்குக் கீழே. யு/ஏ என்றால் பெற்றோர் துணையோடு பார்க்கலாம் என்றுதான் அர்த்தம், பார்க்கக் கூடாது என்று அர்த்தமில்லை. குழந்தைகள் பெரியவர்களோடுதானே வந்திருந்தார்கள்? 2024 ஜூலையில் பெங்களூரு மால் ஒன்றில் மகனோடு படம் பார்க்க வந்த முதிய விவசாயியை வேட்டிக்காக நிறுத்தினார்கள். கர்நாடக அரசு அந்த மாலை ஏழு நாள் மூடச் சொன்னது.

பாருங்கள், எந்த வாசலிலும் ஒருவரும் சாதியை உச்சரிக்கவில்லை. உடை, வயது, சான்றிதழ் என்றார்கள். இந்த இடத்தில்தான் சட்டத்தைக் கொஞ்சம் உட்கார்ந்து படிக்க வேண்டியிருக்கிறது.

*

அரசியல் சட்டம் 15(2) என்ன சொல்கிறது? சமயம், இனம், சாதி, பால், பிறப்பிடம் இவற்றை மட்டுமே காரணமாகக் கொண்டு எந்தக் குடிமகனையும் கடை, பொது உணவகம், ஓட்டல், பொதுக் கேளிக்கை இடம் ஆகியவற்றில் நுழையத் தடுக்கக் கூடாது. இது அரசாங்கத்துக்கு மட்டும் சொன்னது அல்ல, தனியார் முதலாளிக்கும் சேர்த்துச் சொன்னது. 1948 நவம்பர் 29ஆம் தேதி அரசியல் நிர்ணய சபையில் 'கடை' என்றால் எதுவரை என்று கேட்டார்கள். விரிந்த பொருளில்தான் சொல்கிறோம், காசுக்குச் சேவை தர முன்வருகிற இடமெல்லாம் அதில் அடக்கம் என்ற பொருளில் அம்பேத்கர் பதில் சொன்னார். 2011இல் தனியார் கல்லூரி பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்தப் பதிலைத்தான் தேடி எடுத்து வைத்தது.

ஆகவே 'அனுமதிக்கும் உரிமை எமக்கே' என்று பித்தளைத் தகட்டில் எழுதி மாட்டினால் அது சட்டம் ஆகிவிடாது. குடித்துவிட்டுக் கலாட்டா செய்கிறவனைத் தடுக்கலாம். தமிழ்நாட்டில் 21 வயது ஆகாதவனுக்கு மது தர மறுக்கலாம், மறுக்கத்தான் வேண்டும். இடம் நிரம்பினால் நிறுத்தலாம். எல்லோருக்கும் ஒரே மாதிரி வைத்தால் உடை விதிகூட வைக்கலாம், வேட்டியைத் தவிர. ஆனால் பலகைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு சாதி பார்க்க முடியாது. அந்த மது உரிமத்தைக் கொடுப்பது யார்? அரசு. அரசு கொடுத்த காகிதத்தை வைத்துப் பிழைக்கிறவன் 'இது என் வீடு' என்று பேச முடியாது.

வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இன்னும் கூர்மையானது. 2016 முதல் நடைமுறையில் இருக்கிற திருத்தத்தில் 3(1)(இசட்ஏ) என்ற பிரிவு, பட்டியல் சாதி, பழங்குடியினரைக் கடையிலோ பொதுக் கேளிக்கை இடத்திலோ வேறு எந்தப் பொது இடத்திலோ நுழைய விடாமல் தடுப்பதைக் குற்றம் என்கிறது. ஆறு மாதம் முதல் ஐந்து ஆண்டு வரை சிறை. சாதிப் பெயர் சொல்லித் திட்டினால் 3(1)(எஸ்). திட்டு 'பொதுப் பார்வையில்' நடந்திருக்க வேண்டும். வாசல் பொதுப் பார்வையா? 2008இல் ஸ்வரன் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது: ஒரு வீட்டின் வாசல் கேட்டே பொதுப் பார்வைக்கு உட்பட்ட இடம்தான். அப்படியானால் பப் வாசலைப் பற்றிக் கேட்க வேண்டியதே இல்லை.

ஓட்டை எங்கே இருக்கிறது என்பதையும் சொல்லியாக வேண்டும், இல்லையென்றால் பையன்களை ஏமாற்றியவன் ஆவேன். அந்த 'மட்டுமே' என்ற சொல். ஏழையாக இருப்பது 15(2) பட்டியலில் இல்லை. கறுப்பாக இருப்பது, பேச்சில் ஊர் வாடை அடிப்பது எதுவும் தனியாகப் பட்டியலில் இல்லை. 'இவர் சாதி எனக்கு எப்படித் தெரியும்? ஷூ சரியில்லை என்று நிறுத்தினேன்' என்று அவன் கோர்ட்டில் சொல்லுவான். குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டத்தின் 12ஆவது பிரிவு நம் பக்கம் நிற்கிறது: பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதி என்றால், மாறாக நிரூபிக்கப்படும்வரை, தீண்டாமை காரணமாகவே செய்யப்பட்டதாக நீதிமன்றம் அனுமானிக்க வேண்டும். ஆனால் அவன் காட்டுகிற சாக்கை உடைக்கிற வேலை நம்முடையது. சாக்குகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் போட்டால் கடைசியில் 'மட்டும்' மட்டும் மிஞ்சும்.

*

எனவே மாணவத் தோழர்களுக்குச் சில நடைமுறைகள்.

ஒன்று. பவுன்சர் போலீஸ் அல்ல. உன்னையும் என்னையும் போல ஒரு குடிமகன். உன் சம்மதம் இல்லாமல் உன் பையை, உன் உடம்பைத் தடவிப் பார்க்க அவனுக்கு அதிகாரமில்லை. சம்மதிக்காவிட்டால் உள்ளே விடமாட்டேன் என்று சொல்லலாம், அவ்வளவுதான். செல்போனைப் பிடுங்கவோ படத்தை அழிக்கச் சொல்லவோ முடியாது.

இரண்டு. தள்ளினாலும் அடித்தாலும் அவனுக்குத் தனிச் சலுகை எதுவும் கிடையாது. வழியை மறித்து நிறுத்துவது பாரதிய நியாய சன்ஹிதாவில் 126, அறையில் அடைத்து வைப்பது 127. பில் தகராறு என்று சொல்லி அடைத்து வைப்பதும் இதில் சேரும். தன் கண் முன்னால் ஜாமீனில் விட முடியாத, போலீஸ் தானே கைது செய்யக்கூடிய குற்றம் செய்தவனைத்தான் ஒரு தனிமனிதன் பிடிக்கலாம். பிடித்தாலும் ஆறு மணி நேரத்துக்குள் போலீசிடம் ஒப்படைத்தாக வேண்டும்.

மூன்று. 2005ஆம் ஆண்டு தனியார் பாதுகாப்பு முகமைகள் சட்டப்படி ஏஜென்சிக்கு உரிமம் வேண்டும். அதன் காவலாளிக்கு மாதிரி விதிகளின்படி 100 மணி நேரம் வகுப்பு, 60 மணி நேரம் களப் பயிற்சி. புகைப்பட அடையாள அட்டை மாட்டியிருக்க வேண்டும். ஏஜென்சி பெயரைக் கேள், குறித்துக்கொள்.

நான்கு. 'போ' என்று சொன்ன பிறகு முட்டிக்கொண்டு உள்ளே நுழையாதே. அத்துமீறல் என்று உன் மேலேயே கேஸ் திரும்பும். தெருவில் நின்று காரணத்தைக் கேள், மறுபடியும் கேள், நேரத்தோடு எழுது. மாறுகிற காரணங்கள்தான் உன் சாட்சி. முடிந்தால் இரண்டு கூட்டமாகப் போங்கள், ஒரே எண்ணிக்கை, ஒரே மாதிரி உடை. எந்தக் கூட்டம் உள்ளே போகிறது என்று உலகம் பார்க்கட்டும்.

ஐந்து. புகாரை எந்தக் காவல் நிலையத்திலும் கொடுக்கலாம், எல்லை காட்டித் திருப்பி அனுப்ப முடியாது. வன்கொடுமை வழக்கில் முன்விசாரணை செய்த பிறகுதான் எப்.ஐ.ஆர். என்று சொல்ல முடியாது, 2018இல் சேர்த்த 18ஏ பிரிவு அதை அடைத்துவிட்டது. எப்.ஐ.ஆர். நகல் இலவசம். டி.எஸ்.பி. தகுதியில் உள்ளவர்தான் விசாரிக்க வேண்டும். வேண்டுமென்றே கடமை தவறுகிற அதிகாரிக்கு, அவர் பட்டியல் சாதி, பழங்குடியைச் சேராதவர் என்றால், அதே சட்டத்தின் 4ஆவது பிரிவில் ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறை காத்திருக்கிறது.

*

இரண்டு வாரம் கழித்து அந்தப் பக்கத்து டீக்கடையில் இளைய பவுன்சரைப் பார்த்தேன். அடையாளம் தெரிந்துகொண்டு எழுந்து நின்றான். "மன்னிச்சுக்கண்ணே" என்றான். மதுராந்தகம் பக்கம், காலனி. பன்னிரண்டு மணி நேர ட்யூட்டி. பயிற்சி எத்தனை நாள் என்று கேட்டேன், சிரித்தான். "ஜிம்முக்குப் போனேன், அதான் பயிற்சி. மேனேஜர் உள்ள கேமராவுல பாத்துக்கிட்டு காதுல இருக்கிற மிஷின்ல சொல்லுவான், 'வேணாம்'னு. ஏன்னு கேக்கக் கூடாது. நானே பின்பக்கமாத்தான் உள்ள போவேன். அந்தச் சேர்ல ஒரு நாளும் ஒக்காந்தது இல்ல." டீக்குக் காசு அவன்தான் கொடுத்தான்.

அந்தக் காலத்தில் ஊர்க்காவல் பார்த்தவன் யார்? வெட்டியான், தலையாரி, நம் ஆள்தான். ஊரை ராத்திரியெல்லாம் காத்தவனுக்கு ஊருக்குள் இடமில்லை. இன்றைக்குக் கருப்புச் சட்டையும் காதில் மிஷினும் கொடுத்திருக்கிறார்கள். நம்மை வைத்தே நம்மைத் தடுக்கிற வித்தை புதிது அல்ல. ஆகவே புகாரில் அவன் பெயரோடு நிறுத்தாதே. உத்தரவு போட்டவனை, உரிமம் வைத்திருப்பவனை எழுது. முதலாளி அறையில் உட்கார்ந்திருப்பான், காலனிப் பையன் கம்பி எண்ணுவான், அந்த நீதி நமக்கு வேண்டாம்.

கடைசியாக என் வாசல். எங்கள் கிளை வாசலிலும் துப்பாக்கியோடு ஒரு காவலாளி இருக்கிறார். நூறு நாள் வேலைக் காசு எடுக்க வருகிற கிழவிகளை அவர்தான் நிறுத்துவார். "பாஸ்புக்கு என்ட்ரியா, மத்தியானத்துக்கு மேல வா, அந்தப் பக்கம் நில்லு." அவருக்கு அப்படிச் சொல்லச் சொன்னது எழுதப்பட்ட உத்தரவு எதுவும் இல்லை. ஏ.சி. கவுண்ட்டரில் கூட்டம் சேராமல் இருந்தால் எனக்கும் வசதியாகத்தான் இருந்தது. எட்டு வருஷமாக அந்தக் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து புரட்சிக் கவிதை எழுதியிருக்கிறேன். பப் வாசலில் நிறுத்தப்பட்ட பிறகுதான் என் வாசலில் நிற்கிறவர்கள் என் கண்ணில் பட்டார்கள். போன வாரத்திலிருந்து காலையிலேயே என் கவுண்ட்டரில் பாஸ்புக் என்ட்ரி போடுகிறேன். மேனேஜர் மெமோ கொடுக்கப் போவதாகச் சொல்லியிருக்கிறார். கொடுக்கட்டும்.

அக்கா மகனிடம் உட்கார்ந்து பேசினேன். ஷூவைக் குறை சொல்கிறவரைக்கும் நீ உன்னையேதான் குறை சொல்லிக்கொண்டிருப்பாய் என்றேன். இன்றைக்கு ஷூ, நாளைக்கு முடிவெட்டு, அப்புறம் பேச்சு, அப்புறம் ஊர்ப் பெயர், அப்புறம் அம்மாவைக் கம்பெனிக் கல்யாணத்துக்குக் கூட்டிப்போகக் கூச்சம். எங்கே போய் முடியும் இது? கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, "அப்போ பழைய செருப்போட போலாமா மாமா?" என்றான்.

வேண்டாம்டா. அந்த ஆறாயிரம் ரூபாய் ஷூவையே போட்டுக்கொள். முன்கூட்டியே புக் பண்ணு, அந்தக் காகிதத்தைக் கையில் வை. வயசுக்கு அட்டை எடுத்துக்கொள். அவனுக்கு ஒரு சாக்கையும் மிச்சம் வைக்காதே. அப்புறம் அந்த வாசலில் நின்று கேட்போம்: இப்போ சொல்லு, என்ன காரணம்?

அடுத்த மாதம் சம்பளம் வந்ததும் போகிறோம். வருகிறவர்கள் வரலாம். குடிக்காத தோழர்களும் வரலாம், எலுமிச்சைச் சாறு கிடைக்கும்.